உழவரின் முதுகெலும்பு: இடைத்தட்டுப் பிதுக்கமும் அதற்குரிய மருத்துவமும்

உழவர்களை நாட்டின் முதுகெலும்பு என்று மேடைகளில் அடிக்கடி கூறுகிறோம். ஆயினும், அந்த உழவரின் உடலிலுள்ள முதுகெலும்பைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. ஏர் பழுதுபட்டால் கொல்லுப் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறோம். இறைவைப் பொறி நின்றுவிட்டால் அன்றைக்கே ஆள் அழைத்துச் சீர் செய்கிறோம். எருது நொண்டினால் கால்நடை மருத்துவரை நாடுகிறோம். இவை யாவற்றையும் இயக்குகின்ற மனிதனின் இடுப்பில் வலி கண்டால் மட்டும், "குறுக்குப் பிடித்திருக்கிறது, தானே போய்விடும்" என்று வாளா இருந்து விடுகிறோம். அல்லது அச்சமுற்று, கடன் வாங்கியாவது கண்ட மருத்துவத்தையெல்லாம் செய்து பார்க்கிறோம். இவ்விரண்டும் தீங்கு பயப்பனவே.

அறுவடை முடிந்து, குடியானவர் ஒருவர் நெல் மூட்டையை வண்டியில் ஏற்றக் குனிகிறார் என்று வைத்துக் கொள்வோம். தூக்கும்போதே இடுப்பில் ஏதோ பிசகியது போன்ற உணர்ச்சி தோன்றுகிறது. அன்றிரவு இடுப்பு வலிக்கிறது. இரண்டு நாள் கழித்து, அவ்வலி பிட்டத்திலிருந்து தொடை வழியாக இறங்கிப் பாதம்வரை மின்னல்போல் பாய்கிறது. இருமினாலும் தும்மினாலும் உயிர் போவது போல் இருக்கிறது. "ஜவ்வு விலகிவிட்டது" என்கிறார் ஒருவர். "அறுவை செய்யாவிட்டால் கால் போய்விடும்" என்கிறார் மற்றொருவர். "மூன்று மாதம் அசையாமல் படுத்திரு" என்கிறார் வேறொருவர். இவற்றுள் எது உண்மை? அவர் செய்ய வேண்டுவது யாது? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 ஆக 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய எலும்புகள் அடித்தளமாக அமைந்துள்ளன. முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றின் இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. இவையே இடைத்தட்டுகள். மக்கள் இவற்றை 'ஜவ்வு' என்றும் 'டிஸ்க்' என்றும் வழங்குகின்றனர். இவை மொத்தம் 23.

இடைத்தட்டின் அமைப்பை அறிய நுங்கை நினைத்துக் கொள்ளலாம். நுங்கின் உள்ளே நீர் நிறைந்த மென்மையான சதை இருக்கிறது. அதனைச் சுற்றிலும் உறுதியான நார்ப்பகுதி காத்து நிற்கிறது. அவ்வாறே, இடைத்தட்டின் நடுவே நீர் மிகுந்த கூழும், அதனைச் சுற்றிப் பல அடுக்கு நார் வளையங்களும் உள்ளன. நாம் நடக்கும்போதும் குதிக்கும்போதும் உண்டாகும் அதிர்ச்சியை இக்கூழ் தாங்கிக் கொள்கிறது. கூழ் வெளியேறாமல் வளையங்கள் இறுக்கிப் பிடிக்கின்றன.

பகலெல்லாம் உடற்பாரத்தால் அழுந்தி, தட்டுகள் சிறிது நீரை இழக்கின்றன. இரவில் படுத்திருக்கும்போது அந்நீரை மீண்டும் உறிஞ்சிக் கொள்கின்றன. ஆதலின், காலையில் எழும்போது மனிதனின் உயரம் மாலையில் இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல் மிகுந்திருக்கும். வயது ஏற ஏறத் தட்டுகள் நீர் வற்றி வலுக்குறைகின்றன. வளர்ந்தவரின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை எனலாம். அண்டை எலும்பிலிருந்து கசிந்து வரும் ஊட்டமே அதற்கு உணவு. வளையத்தில் ஏற்பட்ட கீறல் மெல்ல மெல்லவே ஆறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டு பிதுங்குவது எவ்வாறு?

'ஜவ்வு விலகியது' என்று சொல்வது வழக்கமாயினும், தட்டு தன்னிடத்தை விட்டு முழுவதும் விலகி ஓடுவதில்லை. குனியும்போது தட்டின் முன்பக்கம் அழுந்துகிறது. உள்ளிருக்கும் கூழ் பின்பக்கமாகத் தள்ளப்படுகிறது. பல்லாண்டுகளாக இவ்வாறு நிகழ்ந்து பின்பக்க வளையத்தில் கீறல் விழுந்திருக்குமாயின், ஒருநாள் கூழ் அக்கீறலின் வழியே பிதுங்கி வெளிவருகிறது. அன்று தூக்கிய மூட்டை கடைசிக் காரணமே. அடிப்படைக் காரணம் பல ஆண்டுகளாக வளர்ந்து வந்ததாகும்.

உழைப்பு மட்டுமே இதற்குக் காரணம் என்றும் எண்ணுதல் கூடாது. வயது, பரம்பரை, புகைபிடித்தல், மிகுந்த உடல் எடை, உழுபொறிகளில் அமர்ந்து நெடுநேரம் குலுங்குதல் ஆகியனவும் காரணங்களாகும். 30 முதல் 50 வயதிற்குட்பட்டோரிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. குடும்பத்தைத் தாங்கும் வயதும் அதுவே என்பதை நாம் மறத்தலாகாது.

பாரத்தை எவ்வாறு தூக்குகிறோம் என்பதைப் பொறுத்துத் தட்டின்மீது ஏற்படும் அழுத்தம் பெரிதும் மாறுபடுகிறது. ஜெர்மனி நாட்டின் உல்ம் நகர ஆராய்ச்சியாளர்கள், 45 வயதும் 70 கிலோ எடையும் உடைய ஒருவரின் இடுப்புத் தட்டினுள் சிறிய அழுத்தமானியைப் பொருத்தி அளந்து, அதன் முடிவை 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நேராக நிற்கும்போது உள்ள அழுத்தத்தை ஒரு பங்கு எனக் கொண்டால், படுத்திருக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது நான்கரைப் பங்கிற்கும் மேல் உயர்ந்தது. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது மூன்றரைப் பங்கிற்குள் அடங்கியது. எடையை உடலோடு அணைத்துப் பிடித்தபோது இரண்டு பங்கிற்குச் சற்று மேலாக நின்றது.

இதன் காரணம் கடப்பாரை பிடித்த எவருக்கும் விளங்கும். நீண்ட கடப்பாரையின் முனையை ஒருவர் அழுத்தினால், பத்துப் பேர் தூக்க முடியாத பாறை அசைகிறது. கையை நீட்டிக் குனிந்து பாரத்தைத் தூக்கும்போது நம் உடலே அக்கடப்பாரையாகி விடுகிறது. இடுப்புத் தட்டு, அதன் அடியில் கிடந்து நசுங்கும் கல்லாகி விடுகிறது.

வலி காலில் தோன்றுவது ஏன்?

தலைமடையில் அடைப்பு ஏற்பட்டால் பயிர் வாடுவது கடைமடையில். கடைமடையில் எவ்வளவு வெட்டினாலும் நீர் வாராது. அடைப்பு எங்குள்ளது என்று மேலே சென்று பார்த்தல் வேண்டும். இடுப்பு முள்ளெலும்புகளின் இடையேயிருந்து வெளிவரும் நரம்புகள் ஒன்று சேர்ந்து, கட்டைவிரல் அளவு தடித்த பெருநரம்பாகிக் காலுக்குச் செல்கின்றன. பிதுங்கிய கூழ் அந்நரம்பின் வேரை அழுத்துகிறது. அழுத்துவதோடு வீக்கத்தையும் உண்டாக்கி அதனை எரிச்சலூட்டுகிறது. இதனாற்றான் இடுப்பில் உள்ள கோளாறு காலில் வலியாகத் தெரிகிறது.

இடுப்பில் ஏற்படும் பிதுக்கங்களுள் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு தட்டுகளிலேயே நிகழ்கின்றன. நான்காம் ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே பிதுங்கினால், பெரும்பாலும் கெண்டைக் காலின் வெளிப்புறத்திலும் பாதத்தின் மேற்புறத்திலும் வலியோ மரத்தலோ தோன்றும். கால் பெருவிரலை மேல்நோக்கித் தூக்குதல் கடினமாகும். ஐந்தாம் முள்ளெலும்பிற்குக் கீழே பிதுங்கினால், கெண்டைக் காலின் பின்புறமும் உள்ளங்காலும் சிறுவிரற் பக்கமும் வலிக்கும். நுனிக்காலில் நிற்றல் அரிதாகும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்த்தும் மருத்துவர் இந்நோயை ஆராய்வார். பிதுங்கிய தட்டே காலில் இறங்கும் இவ்வலியை உண்டாக்குகிறது என்பதனை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் உலகினர் தெளிவாக அறிந்தனர்.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

மேலே செல்லுமுன் எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்து விடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வாலின் மயிர்போலக் கற்றையாகத் தொங்குகின்றன. சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்குவதும் வெளிவிடுவதும் இக்கற்றையிலுள்ள நரம்புகளைச் சார்ந்தவை. மிகப் பெரிய பிதுக்கம் ஒன்று இக்கற்றை முழுவதையும் நசுக்கி விடுதல் அரிதாக நிகழ்வதுண்டு. அப்போது தோன்றும் அறிகுறிகள் இவை:

1. சிறுநீர் கழிக்க முடியாமை; அல்லது சிறுநீர், மலம் தம்மையறியாமல் வெளியேறுதல்.
2. மறைவிடம், மலவாய், தொடைகளின் உட்புறம் ஆகிய இடங்கள் மரத்துப் போதல். குதிரைமீது அமர்ந்தால் சேணத்தில் படும் இடங்கள் இவை.
3. இரு கால்களிலும் வலியோ வலுவிழப்போ பரவுதல்.
4. பாதம் தொங்கிப் போதல். கால் வலிமை நாளுக்கு நாள் குறைதல்.

இவற்றுள் முதல் மூன்றில் எது காணப்பட்டாலும் அந்த நேரமே நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மணிக்கணக்கில் செய்யத்தக்க அறுவையை நாட்கணக்கில் தள்ளிப் போட்டால், சிறுநீரை அடக்கும் ஆற்றலை அவர் வாழ்நாள் முழுவதும் இழக்க நேரிடலாம். முதல் 48 மணி நேரத்திற்குள், இயன்றால் அதற்கும் முன்னரே, அழுத்தத்தை நீக்குதல் நன்று என்பது மருத்துவர் கருத்து. நான்காவது அறிகுறி தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவரைக் காணல் வேண்டும்.

இங்கு வெட்கம் உயிர்ப்பகையாகும். "அந்த இடம் மரத்துப்போய் விட்டது" என்று சொல்ல நாணி, நம் பெண்களும் முதியோரும் காலத்தைக் கடத்தி விடுகின்றனர். 108 அவசர ஊர்தியை அழைத்ததும், சிறுநீர் நின்றுவிட்டது என்பதையும் மரத்துப் போனது என்பதையும் முதற் செய்தியாகச் சொல்லுதல் வேண்டும். வெறும் இடுப்பு வலி என்று சொன்னால், வரிசையில் கடைசியாக அமர்த்தப்படக்கூடும்.

வேறு சில நோய்களும் இடுப்பு வலியாகத் தோன்றுவதுண்டு. மாலைதோறும் காய்ச்சல், உடல் மெலிதல், இரவில் படுத்தாலும் தணியாத வலி ஆகியவை இருப்பின், அது முதுகெலும்பைப் பற்றிய காசநோயாக இருக்கலாம்; அதற்கு மருந்துண்டு, குணமாகும். மரத்திலிருந்து விழுந்தபின் தோன்றும் முதுகு வலி எலும்பு முறிவாக இருக்கலாம். முன்பு புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகு வலியையும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும்.

படுத்தே கிடக்கலாமா?

மேற்கூறிய அபாயக் குறிகள் இல்லாதவர் அஞ்ச வேண்டியதில்லை. இந்நோயைப் பற்றி நாம் அறியவேண்டிய பெருஞ் செய்தி யாதெனில், பெரும்பாலோர்க்கு இது கத்தியின்றியே குணமாகிறது என்பதாம். பிதுங்கி வெளிவந்த கூழை உடல் அயற்பொருளாகக் கருதி, சிறிது சிறிதாக அரித்துக் கரைத்து விடுகிறது. பெரிய பிதுக்கங்கள்கூடச் சில மாதங்களில் சுருங்கிப் போவதைப் படங்களில் கண்டிருக்கின்றனர்.

ஆயின், மாதக் கணக்கில் படுத்துக் கிடந்தால் விரைவில் குணமாகும் என்ற பழைய எண்ணம் இன்று கைவிடப்பட்டுள்ளது. நெதர்லாந்து நாட்டில் காலில் இறங்கும் வலியுடைய 183 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் செய்தனர். மற்றவர்களை இயன்றவரை நடமாடச் செய்தனர். 1999-இல் வெளிவந்த முடிவின்படி, 12 வாரங்கள் கழித்து இரு பிரிவிலும் 87 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். படுத்துக் கிடந்ததால் கூடுதற் பயன் ஒன்றும் விளையவில்லை. மாறாக, நெடுநாள் படுத்திருப்பவரின் தசைகள் மெலிகின்றன, கூலி போகிறது, மனமும் சோர்கிறது.

ஆகவே, வலி கடுமையாக உள்ள முதல் ஓரிரு நாட்கள் தேவையான அளவு படுத்து எழலாம். மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்குக் கீழே தலையணையோ மடித்த சாக்கோ வைத்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுப்பவர் இரு முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொள்ளலாம். நடுவே தொய்ந்த கயிற்றுக் கட்டிலைத் தவிர்த்தல் நன்று. வெறுந்தரையிற் கிடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டைச் சுற்றி மெல்ல நடத்தல் வேண்டும். வாரம் செல்லச் செல்ல நடையைக் கூட்டலாம். சில வாரங்களுக்குக் குனிந்து தூக்குதல் மட்டும் அறவே கூடாது.

மருத்துவ முறைகள்

வெந்நீர் ஒத்தடம் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். வலியும் வீக்கமும் தணிக்கும் மாத்திரைகளை மருத்துவர் சில நாட்களுக்குக் கொடுப்பார். இவற்றைக் கடையில் தாமே வாங்கி மாதக் கணக்கில் விழுங்குதல் பெருந்தீங்கு. வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் இதனால் விளையலாம். வெயிலில் உழைத்து, போதிய நீர் அருந்தாதவரின் சிறுநீரகத்திற்கு இவ்வாபத்து மிகுதி. பெயர் தெரியாத பொட்டலப் பொடிகளில் வீக்கமடக்கும் கடுமருந்து கலந்திருக்கவும் கூடும். அவை உடனே சுகம் தருவதுபோல் தோன்றிப் பின்னர் எலும்பையும் உடலையும் கெடுப்பவை.

வலி சற்றுத் தணிந்ததும் இயன்முறைப் பயிற்சிகள் தொடங்கலாம். நியூசிலாந்து நாட்டின் வெல்லிங்டன் நகரில் 1956-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இங்கு நினைக்கத் தக்கது. மக்கென்சி என்னும் இயன்முறை மருத்துவரிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த படுக்கையில் தற்செயலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த அந்நிலையில் அவரது கால்வலி குறைந்தது கண்டு மருத்துவர் வியந்தார். இதிலிருந்து பயிற்சி முறை ஒன்று வளர்ந்தது. அதன் கருத்து எளிது. பயிற்சியின்போது வலி பாதத்திலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறிவருமாயின் அது நன்மைக்கு அறிகுறி. வலி இடுப்பிலிருந்து கீழிறங்குமாயின் உடனே அப்பயிற்சியை நிறுத்துதல் வேண்டும். எந்தப் பயிற்சி எவருக்கு ஏற்றது என்பதை இயன்முறை மருத்துவரே பார்த்துச் சொல்லத் தக்கவர்.

எம்.ஆர்.ஐ. படம் எல்லோர்க்கும் வேண்டுவதில்லை. முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் இவ்வாறு படம்பிடித்துப் பார்த்து, 1994-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 52 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு தட்டாவது உப்பியிருந்தது. 27 விழுக்காட்டினர்க்குத் தட்டு பிதுங்கியும் இருந்தது. அவர்கள் யாதொரு துன்பமுமின்றி நடமாடி வந்தவர்களே. ஆதலின், படத்தில் பிதுக்கம் தெரிவதாலேயே ஒருவர் நோயாளியாகி விடுவதில்லை. அபாயக் குறிகள் இருப்பினும், ஆறு வாரத்திற்கு மேலும் வலி தணியாமல் அறுவையைப் பற்றி எண்ண வேண்டியிருப்பினும் படம் இன்றியமையாதது.

அறுவை எப்போது தேவை?

குதிரைவால் நரம்புகள் நசுங்கியபோதும், கால் வலிமை குறைந்து கொண்டே வரும்போதும் அறுவை அவசரத் தேவையாகிறது. இவை தவிர, ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை முறையாக மருத்துவம் செய்தும் தாங்கவொண்ணாத கால்வலி நீடிக்குமாயின், அறுவையைத் தேர்ந்து கொள்ளலாம். சிறு துளை வழியாக, பிதுங்கிய பகுதியை மட்டும் நீக்கும் முறை இன்று வழக்கில் உள்ளது.

நெதர்லாந்திலேயே கடுமையான கால்வலியுடைய 283 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு விரைவில் அறுவை செய்தனர். மற்றவர்களைப் பொறுத்திருக்கச் செய்து, தேவைப்பட்டோர்க்கு மட்டும் பின்னர் செய்தனர். அறுவை செய்தவர்க்கு வலி விரைவில் நீங்கியது உண்மை. ஆயின், ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். பொறுத்திருந்த பிரிவில் 39 விழுக்காட்டினர்க்கே அறுவை தேவைப்பட்டது. ஆகவே, அபாயக் குறியில்லாத ஒருவர் நிலத்தை அடகு வைத்து நாளைக்கே அறுவை செய்துகொள்ள வேண்டுமென்று எவரேனும் அவசரப்படுத்தினால், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டல் நன்று. அறுவை காலிலுள்ள வலியை நீக்குவதில் வல்லது. இடுப்பு வலியை அவ்வளவாக நீக்குவதில்லை என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

செய்யத் தகாதன

இடுப்புப் பிடித்தவரைக் குப்புறக் கிடத்திக் காலால் மிதிக்கச் செய்யும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் உள்ளது. சாதாரணத் தசைப்பிடிப்பு தானே நீங்கும்போது, மிதித்ததால் நீங்கியது என்று நம்பிவிடுகிறோம். தட்டு பிதுங்கியிருப்பவரை மிதிப்பதும், இடுப்பை வலிந்து திருகுவதும் நரம்பை மேலும் நசுக்கக்கூடும். எண்ணெய் தடவி மென்மையாக நீவுதலில் தவறில்லை. மிதித்தலும் திருகலும் வேண்டா. இடுப்புப் பட்டையை ஆண்டுக்கணக்கில் அணிவதும் தசைகளைச் சோம்ப வைக்கும்.

வருமுன் காத்தல்

1. பாரத்தின் அருகே சென்று, கால்களை அகற்றி நின்று, முழங்காலை மடக்கி, பாரத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்குக. தூக்கியபடி இடுப்பைத் திருகாது, பாதங்களை நகர்த்தித் திரும்புக.

2. மூட்டையை ஒருவராகத் தூக்குதல் வீரமன்று. அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1967-ஆம் ஆண்டிலேயே, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவிற்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. 75 கிலோ மூட்டையை முதுகிலேற்றுபவர் அந்த எல்லையைக் கடந்தே சுமக்கிறார்.

3. காலையில் தட்டுகள் நீர் ஏறிப் பருத்திருக்கும். அப்போது குனிதல் அவற்றை மிகுதியாக வருத்தும். எழுந்தவுடன் சாணம் அள்ளவோ, தீவன மூட்டை தூக்கவோ குனியாது, முதலில் சிறிது நேரம் நடமாடியபின் அவ்வேலைகளைச் செய்க.

4. 16 லிட்டர் தெளிப்பானில் மருந்து நீர் மட்டுமே ஏறக்குறைய 16 கிலோ. அதனைத் தரையிலிருந்து தூக்கி மாட்டாமல், இடுப்பளவு உயரமுள்ள திண்ணையிலோ வண்டியிலோ வைத்து மாட்டிக் கொள்க.

5. நாற்று நடுவோரும் களையெடுப்போரும் அரைமணிக்கொரு முறை நிமிர்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றிச் சிலமுறை பின்புறம் சாய்ந்து, பின்னர் குனிக.

6. உழுபொறியிலிருந்து இறங்கியவுடன் மூட்டையைத் தூக்காது, சில நிமிடம் நடந்தபின் தூக்குக.

7. பீடி, சுருட்டை விடுக. தட்டிற்குச் செல்லும் சிறிதளவு ஊட்டத்தையும் புகையிலை குறைக்கிறது.

ஊராட்சி செய்யத்தக்கவை

இந்நோயைத் தடுத்தல் தனி மனிதன் ஒருவனால் மட்டும் ஆவதன்று. ஊராட்சி உறுப்பினர்கள் பெரும் பொருட்செலவின்றிச் செய்யத்தக்கவை பல உள்ளன.

பொதுக் குழாயின் அருகே இடுப்பளவு உயரத்தில் மேடை ஒன்று கட்டினால், நிறைகுடத்தைப் பெண்கள் தரையிலிருந்து தூக்க வேண்டுவதில்லை. நெற்களத்தின் ஓரத்தில் வண்டியின் உயரத்திற்குச் சமமாக ஏற்றுமேடை அமைத்தால், மூட்டையைத் தூக்காமல் நகர்த்தியே ஏற்றலாம். இருசக்கரத் தள்ளுவண்டி ஒன்று களத்தில் இருப்பின் நான்கு முதுகுகள் பிழைக்கும். வரிசை நடவு செய்த வயலில் நின்றபடியே இயக்கும் உருளும் களைக்கருவிகளையும், நீண்ட பிடியுள்ள களைக்கொத்துகளையும் வாங்கி வாடகைக்கு விடலாம். பெரிய மூட்டைகளுக்கு மாறாகச் சிறிய சிப்பங்களில் நெல்லைக் கட்டுமாறு வணிகரிடம் ஊரார் ஒன்றுகூடிக் கேட்கலாம். நோயினின்று தேறி வருபவர்க்கு ஊரக வேலைத் திட்டப் பணிகளில் மண் சுமக்கும் வேலையை நீக்கி, இலகுவான வேலையை அளிக்கலாம். அவர் வீட்டில் முடங்காது நடமாடுவதே அவருக்கு மருந்து என்பதை முன்னரே கண்டோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, தாமதிக்கக் கூடாத அந்த நான்கு அறிகுறிகளையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் வேண்டும். கிராமசபைக் கூட்டத்தில் அதனை ஒருமுறை உரக்கப் படித்தல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து விளக்கம் பெறுவதும், சரியான முறையில் பாரம் தூக்குவதைச் செய்து காட்டச் சொல்வதும் பயன்தரும்.

தொடக்கத்தில் கூறிய குடியானவரை மீண்டும் நினைப்போம். அவர் அபாயக் குறிகளை அறிந்தவராயின், அவை இல்லாதபோது அஞ்சாமல் நடமாடுவார். பெரும்பாலும் அடுத்த நடவிற்குள் வயலுக்குத் திரும்பிவிடுவார். ஒருநாள் இரவு சிறுநீர் நின்று, இரு தொடைகளின் நடுவே மரத்துப் போகுமாயின், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே புறப்படுவார். தம் ஆற்றலைக் காத்துக்கொள்வார். பொறுத்திருக்க வேண்டிய நேரத்தில் பொறுத்தலும், விரைய வேண்டிய நேரத்தில் விரைதலும் உழவர்கள் அறியாதன அல்ல. மழைக்குக் காத்திருக்கவும், ஈரம் காயுமுன் விதைக்கவும் அறிந்தவர்கள் அவர்கள். அவ்வறிவைத் தம் உடலின்பாலும் செலுத்துவார்களாக.